கிளை முறியல, சீட்டுதான் அழிஞ்சுது

நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு உட்காருங்க.

கம்ப்யூட்டர் விஷயம்தான், ஆனா கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்காக எழுதுறேன். 'கிட்' என்கிற மென்பொருள்ல ஒரு கிளையோட சுட்டி கெட்டுப்போனா அதை எப்படிச் சரி செய்யறது? இதுதான் தலைப்பு. அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. வீட்டுல யாராவது இன்சுலின் ஊசி போடுறவங்க இருந்தா, தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல, என்ன வச்சிருந்தோம்னு சொல்லிடறேன்.

எங்க வார்டுல இருந்து டிஸ்சார்ஜ் ஆகிப் போறவங்களுக்கு ஒரு பக்கத்துல ஒரு தாள் கொடுப்போம். வீட்டுக்குப் போனதும் என்ன செய்யணும், எதைப் பார்த்தா உடனே திரும்பி வரணும். தையல் போட்ட காயத்துக்கு ஒண்ணு, காசநோய் மாத்திரைக்கு ஒண்ணு, உப்பு சர்க்கரைக் கரைசலுக்கு ஒண்ணு, சர்க்கரை நோயாளியோட கால் பராமரிப்புக்கு ஒண்ணு, இன்சுலினுக்கு ஒண்ணு. இப்படி முப்பத்துச் சொச்சம். எல்லாம் நாங்களே தமிழ்ல எழுதினது. நோயாளிகளோட பேரோ விவரமோ எதுவும் இதுல கிடையாது, வெறும் அறிவுரைத் தாள்கள்.

எங்க அக்கா மகன் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஐடி கம்பெனியில இருக்கான். ஒரு நாள் என் கம்ப்யூட்டரைப் பார்த்தான். 'இன்சுலின் ஃபைனல்', 'இன்சுலின் ஃபைனல் புதுசு', 'இன்சுலின் இதுதான் ஃபைனல்'. ரொம்ப நேரம் சிரிச்சான். அப்புறம் உட்கார்ந்து எல்லாத்தையும் கிட்டுக்குள்ள போட்டுக் கொடுத்தான்.

கிட் என்னன்னா, கோப்புகளோட வரலாற்றைப் பாதுகாக்கிற மென்பொருள். லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரல்ல இதை எழுதினார். அதுவரைக்கும் லினக்ஸ் குழு பயன்படுத்திட்டு இருந்த பிட்கீப்பர் என்கிற மென்பொருளை இலவசமா உபயோகிக்கிற அனுமதி போயிடுச்சு. சரி, நாமே ஒண்ணு செய்வோம்னு உட்கார்ந்துட்டார். சில மாசத்துலயே பொறுப்பை ஜூனியோ ஹமானோ கிட்ட ஒப்படைச்சுட்டார். இன்னைக்கு உலகத்துல மென்பொருள் எழுதுறவங்கள்ல பெரும்பாலானவங்க இதைத்தான் பயன்படுத்துறாங்க.

நீங்க ஒவ்வொரு தடவை 'இதைப் பதிவு பண்ணு'ன்னு சொல்லும்போதும், அந்த நிமிஷத்துல எல்லாக் கோப்பும் எப்படி இருந்ததுன்னு அது ஒரு பதிவு வச்சுக்கும். அதுக்குப் பேர் கமிட். யார் மாத்தினாங்க, எந்தத் தேதி, எத்தனை மணி, ஏன், இதுக்கு முந்தின கமிட் எது, எல்லாம் உள்ளே இருக்கும். அந்த உள்ளடக்கத்தையே கணக்குப் போட்டு, எண்ணும் எழுத்தும் கலந்த 40 இலக்கத்துல ஒரு அடையாளம் கொடுக்கும். உள்ளே ஒரு கமா மாறினாலும் அந்த 40 இலக்கம் வேற ஆயிடும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

கிளைன்னா என்ன? மரக்கிளை மாதிரி ஏதோ பெருசா இருக்கும்னுதான் நானும் நினைச்சேன். வெட்டினா கட்டை கட்டையா விழும்னு. உண்மையில அது ஒரு குட்டிக் கோப்பு. உள்ளே அந்த 40 இலக்கம், கடைசியில வரி முடிஞ்சதுன்னு ஒரு குறி. மொத்தம் 41 பைட். 'இந்தப் பெயர்ல நடக்கிற வேலையோட கடைசிக் கமிட் இதுதான்'னு காட்டுற ஒரு பெயர்ச்சீட்டு. அவ்ளோதான். புதுசா ஒரு கமிட் போட்டா, சீட்டுல இருக்கிற எண் மாறும். பழைய கமிட் எங்கேயும் போகாது, புதுக் கமிட் அதைத் தன் முன்னோர்னு பிடிச்சுக்கும்.

பெரிய ஆஸ்பத்திரிகள்ல மெடிக்கல் ரெக்கார்ட் அறை பார்த்திருக்கீங்களா? கட்டுக் கட்டா கேஸ் ஷீட், ரேக் ரேக்கா. உங்க கையில இருக்கிறது ஒரு சின்னச் சீட்டு, அதுல ஐபி நம்பர். அந்தச் சீட்டைத் தொலைச்சா கேஸ் ஷீட் எரிஞ்சு போகல. எந்த ரேக்ல, எந்தக் கட்டுலன்னு தெரியாம நிக்கிறோம். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற 12 இலக்க ஆர்சிஎச் எண்ணும் இதே கதைதான். ஊசி போட்டது, ஸ்கேன் எடுத்தது எல்லாம் எங்கேயோ பத்திரமா இருக்கும். எண் கையில இல்லாம பிறப்புச் சான்றிதழுக்கு நிக்கிறவங்களோட முகத்தைப் பார்த்தா, சுட்டின்னா என்னன்னு கம்ப்யூட்டர் படிக்காமலே புரியும்.

எங்க கிட்ல மூணு கிளை. 'மெயின்', எல்லாரும் பார்த்து ஒத்துக்கிட்டது. 'அச்சு', ஜெராக்ஸ் கடைக்குப் போறது. மூணாவது 'சிஸ்டர்'.

எங்க வார்டுல ஒரு சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். தாளைக் கையில வாங்கினா பேனா எடுக்காம விட மாட்டாங்க. "டாக்டர், 'உட்கொள்ளவும்'னு எழுதினா எங்க பாட்டிக்குப் புரியாது, 'சாப்பிடுங்க'ன்னு போடுங்க." டைப் அடிக்கிறது நான்தான். ஆனா அந்தக் கமிட்கள்ல எழுதினவர் பெயர் சிஸ்டரோடது. அவங்களோட திருத்தம் எல்லாம் அந்தக் கிளையில சேரும். அச்சுப் பிரதியை அவங்க ஒரு தடவை முழுசாப் படிச்சு சரின்னு சொன்னப்புறம்தான் மெயினுக்குப் போகும். இணையத்துல வச்சிருக்கிற நகலுக்கும் மெயின், அச்சு ரெண்டும்தான் போகும். சிஸ்டர் கிளை வீட்டுக் கம்ப்யூட்டர்ல மட்டும்.

2023 தீபாவளியில இருந்து டிசம்பர் முதல் ஞாயிறு வரைக்கும் அந்தக் கிளையில 11 கமிட் சேர்ந்திருந்தது. அதுல ஒண்ணு ரொம்ப முக்கியம்.

ஒரு பெரியவர். ஆவடி பக்கம். இன்சுலின் 20 யூனிட் போடச் சொல்லியிருக்கோம், தவறாம போடுறேன்னு சொல்றார், வீட்டம்மாவும் ஆமாங்கிறாங்க. சர்க்கரை மட்டும் 400-ஐ விட்டு இறங்கல. டோஸைக் கூட்டலாமான்னு நாங்க பேசிட்டு இருந்தோம். சிஸ்டர்தான், "ஐயா, நாளைக்கு வரும்போது ஊசியையும் மருந்தையும் அப்படியே எடுத்துட்டு வாங்க"ன்னாங்க. மருந்து பாட்டில் 40. மகன் வெளியே கடையில வாங்கிக் கொடுத்த சிரிஞ்ச் 100.

இது புரியலன்னா கொஞ்சம் நின்னு படிங்க. நம்ம ஊர்ல இன்சுலின் பாட்டில் ரெண்டு அடர்த்தியில வருது. ஒரு மில்லியில 40 யூனிட், ஒரு மில்லியில 100 யூனிட். ரெண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டில்ல இருந்து 100 சிரிஞ்ச்ல '20' கோடு வரைக்கும் இழுத்தா, உடம்புக்குள்ள போறது 8 யூனிட்தான். தலைகீழா, 100 பாட்டில்ல இருந்து 40 சிரிஞ்ச்ல '20' கோடு வரை இழுத்தா, போறது 50 யூனிட். முதல் கேஸ்ல சர்க்கரை இறங்காது. ரெண்டாவதுல ராத்திரி தூக்கத்துலயே சர்க்கரை தரைமட்டமா இறங்கி, எழுப்ப முடியாத நிலைக்குப் போகலாம்.

எங்க பழைய தாள்ல 'ஆஸ்பத்திரியில் கொடுத்த சிரிஞ்சில் இத்தனை கோடு வரை'ன்னு இருந்தது. வெளியே வாங்குறவங்களுக்காக சிஸ்டர் நாலு வரி சேர்த்தாங்க. டிசம்பர் 2, சனிக்கிழமை, அது கமிட் ஆச்சு.

மறுநாள் ஞாயிறு. மிக்ஜாம் புயல். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு அந்த ரெண்டு நாளைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. சாயந்திரம் சிஸ்டர் போன் பண்ணாங்க. "கரண்ட் போயிடும் டாக்டர், ஃப்ரிட்ஜ் இல்லாம இன்சுலின் எப்படி வைக்கறதுன்னு ஒரு பத்தி சேர்த்துடுவோம்." அவங்க சொல்லச் சொல்ல டைப் அடிச்சேன். மண் பானையில ஈர மணல், அதுக்குள்ள பாட்டிலை பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, நிழல்ல. ஐஸ் கட்டி மேல நேரா வைக்கக் கூடாது, உறைஞ்ச இன்சுலினைப் பயன்படுத்தவே கூடாது. கிட் கிட்ட கோப்பை ஒப்படைச்சுட்டு, ஒரு தடவை போன்ல வாசிச்சுக் காட்டினேன். சரின்னாங்க. கமிட் பண்ணேன். அச்சு கிளைக்கு மாறினேன். பட்டுன்னு கரண்ட் போச்சு.

புதன்கிழமைதான் வந்தது. கம்ப்யூட்டர் ஓடுச்சு. கிளைகளைக் காட்டச் சொன்னா மெயின் வருது, அச்சு வருது. சிஸ்டருக்குப் பதிலா ஒரு எச்சரிக்கை: உடைந்த சுட்டி, கண்டுகொள்ளாம விடறேன்னு.

அக்கா மகனுக்கு வீடியோ கால். எஸ்டேட்டுக்குள்ள தண்ணி புகுந்ததுல ஆபீஸ் இல்ல, வீட்டுலதான் இருந்தான்.

"சித்தி, முதல்ல எதையும் தொடாதீங்க. புதுசா கமிட் போடாதீங்க. அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவ்ல காப்பி எடுங்க. மறைஞ்சிருக்கிற கோப்புகளும் வரணும். அந்தக் காப்பியிலதான் வைத்தியம்."

எனக்கு அவனைக் கட்டிக்கணும் போல இருந்தது. ரோட்டுல அடிபட்டுக் கிடக்கிறவரைத் தூக்கி உட்கார வச்சு வாயில தண்ணி ஊத்துற ஆர்வம் இருக்கு பாருங்க, கம்ப்யூட்டர்லயும் அதே ஆர்வம்தான் ஆளைக் கொல்லுது. என் காலேஜ் நண்பர் ஒருத்தர், நல்ல மனுஷன், "எல்லாத்தையும் அழிச்சுட்டு நெட்டுல இருக்கிற நகலை மறுபடி இறக்கிக்கோ"ன்னார். இறக்கியிருந்தா சிஸ்டர் கிளையே அதுல இல்ல. இன்னொருத்தர், "அந்தக் கிளையை டெலீட் பண்ணிட்டு புதுசா உருவாக்கு"ன்னார். கிளையை முறைப்படி நீக்கினா, அந்தக் கிளையோட டைரியையும் கிட் சேர்த்து நீக்கிடும். அந்த டைரிதான் எங்களைக் காப்பாத்தப் போகுதுன்னு அப்போ எனக்குத் தெரியாது.

சீட்டைத் திறந்து பார்த்தோம். கோப்பு இருக்கு. அளவு 41 பைட், சரியாவே இருக்கு. உள்ளே முழுக்க பூஜ்யம். கம்ப்யூட்டர், 'இந்தக் கோப்புக்கு இவ்ளோ இடம்'னு டிஸ்க்ல குறிச்சு வச்சிருக்கு, உள்ளே எழுதறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. வீட்டுக்குக் கதவு எண் போட்டாச்சு, உள்ளே ஆள் குடிவரல.

இங்கதான் கதையிலேயே ஆபத்தான இடம்.

அவனோட நண்பன் ஒருத்தன் மெசேஜ்ல ஒரு வழி சொன்னான்: அந்தக் கெட்டுப்போன சீட்டுக் கோப்பை மட்டும் அழிச்சுடு, சரியாயிடும். காப்பியிலதானே, பார்ப்போம்னு அழிச்சான். திரும்பக் கிளைகளைக் கேட்டான். மெயின், அச்சு, சிஸ்டர். மூணும் வந்துடுச்சு! எச்சரிக்கையும் காணோம்.

"வந்துடுச்சு சித்தி!"

நான் இன்சுலின் கோப்பைத் திறந்தேன். அழகா இருந்தது. ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் ஒழுங்கு. சிவப்பு மூடி வரி மட்டும் இல்ல.

என்ன நடந்ததுன்னா, கிட் சீட்டுகளை ரெண்டு இடத்துல வைக்கும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தனிச் சீட்டு. அது தவிர, எப்பவாவது வீட்டைச் சுத்தம் பண்ணும்போது, சிதறிக் கிடக்கிற சீட்டுகளை எல்லாம் ஒரே பட்டியல்ல எழுதி வச்சுக்கும். தனிச் சீட்டு இருந்தா அதுக்குத்தான் மதிப்பு. அது இல்லன்னா பட்டியலைப் பார்க்கும். தீபாவளிக்கு வந்தப்போ இவன் ஒரு தடவை சுத்தம் பண்ணியிருந்தான். பட்டியல்ல இருந்தது அந்தத் தேதியோட எண். கெட்டுப்போன தனிச் சீட்டை அழிச்சதும், கிட் மூணு வாரப் பழைய எண்ணை எடுத்து நீட்டுச்சு. பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்ச கடைசி உண்மையைச் சொல்லுது.

சீட்டு உடைஞ்சிருந்த வரைக்கும் அது கத்திட்டே இருந்தது. பழைய இடத்தைக் காட்ட ஆரம்பிச்சதும் அமைதியாயிடுச்சு. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. குடல்வால் வீங்கி வலியில துடிக்கிறவருக்கு, அது வெடிச்ச உடனே சில சமயம் வலி கொஞ்ச நேரம் குறையும். கூட இருக்கிறவங்க, "இப்போ பரவால்ல டாக்டர், வீட்டுக்குப் போறோம்"பாங்க.

லேமினேட் பண்ணின பிரிஸ்கிரிப்ஷன் பார்த்திருக்கீங்களா? எங்க ஓபியில வாரத்துக்கு ஒண்ணாவது வரும். மூணு வருஷம், நாலு வருஷம் முன்னாடி எழுதினது. கிழியக் கூடாதுன்னு பிளாஸ்டிக் போட்டு, பத்திரமா, பக்தியா வச்சிருப்பாங்க. நடுவுல நாலு தடவை மாத்திரை மாத்தியிருப்போம், ஒண்ணை நிறுத்தியிருப்போம். புதுச் சீட்டு மழையில நனைஞ்சு போயிருக்கும், இல்ல பேரன் கப்பல் செஞ்சிருப்பான். மருந்துக்கடையில காட்டுறது லேமினேட் போட்டதைத்தான். அதுல டாக்டர் கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு, எல்லாம் நிஜம். ஆனா காலாவதி. சீட்டே இல்லாம வர்றவரை நான் உட்கார வச்சு ஒண்ணொண்ணாக் கேட்பேன். லேமினேட் சீட்டோட வர்றவர்தான் என்னை ஏமாத்திடுவார்னு பயம்.

நாங்க மட்டும் இல்ல, பெரிய ஆட்களுக்கே இது நடந்திருக்கு. ஜென்கின்ஸ்னு ஒரு திட்டம். ஜப்பானைச் சேர்ந்த கோஸுகே கவாகுச்சி உருவாக்கினது, மென்பொருள் கம்பெனிகள்ல ரொம்பப் பிரபலம். 2013 நவம்பர் 10-ம் தேதி, அந்தக் குழுவுல இருந்த ஒருத்தர் தன் கம்ப்யூட்டர்ல வேறொரு மென்பொருளை இயக்கினார். அவர் கிட்ட சுமார் ரெண்டு மாசம் முன்னாடி இறக்கி வச்ச நகல்கள் இருந்தது. அந்த மென்பொருள், இவர் கம்ப்யூட்டர்ல இருக்கிறதுதான் மூலம், கிட்ஹப்ல இருக்கிறது வெறும் நகல்னு நினைச்சுட்டு, பழைய சுட்டிகளை எல்லாம் அங்கே கட்டாயமாத் தள்ளிடுச்சு. 186 களஞ்சியங்கள். கிளைச் சீட்டுகள் எல்லாம் ஒரே நேரத்துல ரெண்டு மாசம் பின்னாடி போயிடுச்சு. உலகம் முழுக்கப் பல பேர் செஞ்ச வேலை கண்ணுக்குத் தெரியல.

ஆனா கமிட்கள் அழியல. கிட்ஹப்போட கணினிகள்லயே இருந்தது, எந்தச் சீட்டும் அதைக் காட்டல, அவ்ளோதான். கிட்ஹப் ஆதரவுக் குழு ஒரு பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாங்க. எந்தக் கிளை எந்த எண்ணுல இருந்து எந்த எண்ணுக்கு மாறிச்சுன்னு, முன்னும் பின்னும். அதை வச்சு சீட்டுகளைப் பழையபடி திருப்பி வச்சாங்க. என்ன நடந்ததுன்னு அந்தக் குழு ஒளிக்காம வெளிப்படையா எழுதியும் வச்சாங்க. ஆஸ்பத்திரிகள்ல இப்படி எழுதுற பழக்கம் இன்னும் நிறைய வரணும், அது வேற த்ரெட்.

அந்தப் பதிவேடு மாதிரி ஒண்ணு நம்ம கம்ப்யூட்டர்லயும் இருக்கு. அதுதான் நான் சொன்ன டைரி, ரெஃப்லாக்னு பேர். ஒவ்வொரு தடவை சீட்டு நகரும்போதும் கிட் ஒரு வரி எழுதும்: பழைய எண், புது எண், யார், எந்த நொடியில, எதுக்காக. இது உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கும், நகல் எடுக்கிற யாருக்கும் போகாது. சாதாரணமா 90 நாள் வச்சிருக்கும். அந்தக் கிளையோட இப்போதைய கமிட்ல இருந்து போய்ச் சேர முடியாத கமிட் பத்தின வரிகள்னா 30 நாள். அதுக்கப்புறம் சுத்தம் பண்ணும்போது தூக்கிப் போட்டுடும். அதனாலதான் சுட்டி கெட்டுப்போன நேரத்துல 'சுத்தம் பண்ணு' கட்டளையைக் கொடுக்கவே கூடாது.

பென்டிரைவ்ல இருந்து புதுசா இன்னொரு காப்பி எடுத்தோம். சிஸ்டர் கிளையோட டைரியைத் திறந்தோம். கடைசி வரி, டிசம்பர் 3 சாயந்திரம். இருந்தது! நாம எந்தக் கிளையில நிக்கிறோம்னு குறிச்சு வைக்கிற இன்னொரு பொது டைரியும் உண்டு. அதுலயும் அதே எண். ரெண்டும் ஒத்துப்போச்சு.

அந்த எண்ணுள்ள கமிட்டைத் தேடினா, கோப்பு இருக்கு, உள்ளே காலி. சீட்டுக்கு நடந்ததேதான் இதுக்கும். டைரியில அதுக்கு முந்தின வரி, சனிக்கிழமை. அந்தக் கமிட் முழுசா இருந்தது. சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி, நாலு வரியும். ஒரு பெருமூச்சு.

சிஸ்டர்ங்கிற பெயரை உடனே அதுக்கு நகர்த்தல. 'மீட்பு'ன்னு புதுசா ஒரு பெயர்ச்சீட்டு செஞ்சு, அதை சனிக்கிழமைக் கமிட்டுக்குக் காட்ட வச்சு, முப்பத்துச் சொச்சம் தாளையும் நான் படிச்சேன். இது அவனால செய்ய முடியாத வேலை. எண் சரியான்னு அவன் சொல்லலாம். உள்ளே இருக்கிறது சரியான்னு தாளை எழுதினவங்கதான் சொல்ல முடியும்.

மிச்சம், ஞாயிற்றுக்கிழமை மண் பானை. காலியாக் கிடந்த கோப்புகளை ஓரமா எடுத்து வச்சுட்டு, களஞ்சியம் முழுக்க சோதனை போடுற கட்டளையைக் கொடுத்தான். யாருக்கும் சொந்தமில்லாம அலையற உள்ளடக்கங்களைப் பட்டியல் போட்டுக் காட்டும். ஆறு வந்தது. ஒவ்வொண்ணாத் திறந்தோம். நாலாவதுல 'ஈர மணல்'. போன்ல வாசிச்சுக் காட்டறதுக்கு முன்னாடியே கோப்பைக் கிட் கிட்ட ஒப்படைச்சேன் இல்லையா, அந்தச் சில நிமிஷ இடைவெளியில அது டிஸ்க்ல பத்திரமா இறங்கிடுச்சு. கமிட் என்கிற உறை மட்டும்தான் போச்சு. உள்ளே இருந்த கடிதம் தப்பிச்சுது.

அப்புறம் அவன் செஞ்சதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன்.

"சித்தி, அந்த 40 இலக்கம் உள்ளடக்கத்துல இருந்து வர்ற கணக்குதானே? டைரியில அந்த எண் இருக்கு. எந்த நொடின்னு இருக்கு. என்ன குறிப்பு எழுதினீங்கன்னும் இருக்கு. கோப்பு கிடைச்சுடுச்சு. முந்தின கமிட் தெரியும். எல்லாத்தையும் அப்படியே வச்சு திரும்ப கமிட் பண்ணா, அதே எண் வரணும்."

நேரத்தை டிசம்பர் 3-க்கு, அதே நொடிக்கு வச்சு கமிட் பண்ணான். எண் வந்தது. வேற எண். முகம் தொங்கிப் போச்சு.

திரும்ப ஒவ்வொண்ணாப் பார்த்தோம். எழுதினவர் இடத்துல என் பெயர் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர்ல யார் கமிட் பண்ணாலும் கிட் என் பெயரைத்தான் போடும், வேற பெயர் வேணும்னா தனியாச் சொல்லணும். எழுதினவர் சிஸ்டர், பதிவு பண்ணினது நான். அந்த ஒண்ணை மாத்திட்டுத் திரும்ப கமிட் பண்ணான். அவன் வாசிக்க வாசிக்க டைரியில நான் விரல் வச்சு வந்தேன். நாற்பதும் பொருந்துச்சு.

கரண்ட் போறதுக்கு முன்னாடி இருந்த அதே கமிட், ஒரு எழுத்து பிசகாம. ஏறக்குறைய சரி, ஞாபகத்துல இருந்து எழுதினதுன்னு சொல்ற நிலைமை இல்ல. அதுக்கப்புறம்தான் சிஸ்டர்ங்கிற சீட்டுல அந்த எண்ணை எழுதினோம். கையால கோப்பைத் திறந்து எழுதாம, சுட்டியை மாத்தறதுக்குன்னே கிட்ல இருக்கிற கட்டளையை வச்சு எழுதணும்னான். அது, காட்டுற கமிட் நிஜமாவே இருக்கான்னு சோதிச்சுட்டுத்தான் எழுதும், டைரியிலயும் ஒரு வரி போடும். காப்பியில எல்லாம் சரியா வந்தப்புறம், அதே வேலையை மூலத்துல செஞ்சோம். 'மீட்பு' சீட்டை ஒரு மாசம் அழிக்காமலே வச்சிருந்தேன்.

ஐடி நண்பர்கள் கமெண்ட்ல வந்து, "இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்"பீங்க. தெரியும். தினமும் இதைச் செய்யறவங்களும் அவசரத்துல முதல்ல தேடுறது, எச்சரிக்கையை நிறுத்துற வழியைத்தான். அந்த நண்பன் சொன்ன வழி பல நேரம் வேலை செய்யும், கிளை சமீபத்துல நகரலன்னா. நகர்ந்திருக்கான்னு டைரியைப் பார்க்காமத் தெரியாது. உங்க கிளை 'திரும்பி வந்துடுச்சு'ன்னா, எந்தத் தேதிக்கு வந்திருக்குன்னு ஒரு தடவை பாருங்க.

சிஸ்டர் அந்த வாரம் முழுக்க மழைக்கால மருத்துவ முகாம் டியூட்டி. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வார்டுக்கு வந்தாங்க, செருப்பெல்லாம் சேறு. அச்சுப் பிரதியைக் கொடுத்தேன். இந்தக் கதை எதுவும் சொல்லல. நின்னுட்டே படிச்சாங்க. மண் பானைக்குத் தலையாட்டினாங்க. சிவப்பு மூடி கிட்ட வந்ததும் நிறுத்தி, பேனா கேட்டாங்க.

"டாக்டர், இது ஜெராக்ஸ், கறுப்பு வெள்ளை. கண்ணுல புரை விழுந்தவங்களுக்கு சிவப்பும் ஆரஞ்சும் ஒண்ணுதான் தெரியும். நிறத்தைக் கீழே போடுங்க. மேல பெருசா, 'பாட்டிலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்'னு போடுங்க. 40-க்கு 40, 100-க்கு 100. படிக்கத் தெரியலன்னா மருந்துக்கடைத் தம்பிகிட்ட பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்துக் காட்டச் சொல்லி எழுதுங்க."

அன்னைக்கு ராத்திரியே டைப் அடிச்சேன். எழுதினவர் இடத்துல அவங்க பெயர். சிஸ்டர் கிளை ஒரு கமிட் முன்னால நகர்ந்தது.